வாடைக்காற்றின் மேல் மட்டும் பழியைப் போடலாமா?

2022 டிசெம்பர் 8 ஆம் திகதி யாழ்ப்பாணத்து வானம் பனிமூட்டம் போல மங்கிக் கிடந்தது. அது பனியல்ல. வங்காள விரிகுடாவில் நின்ற மண்டூஸ் புயல், வட இந்தியப் பக்கத்து மாசடைந்த காற்றை இலங்கை வரை இழுத்து வந்திருந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. மறுநாள் பாடசாலைகள் மூடப்பட்டன. அதே நாட்களின் குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் இறந்தன.

அதன் பிறகு ஒவ்வொரு மாரியிலும் எங்கள் ஊர்களில் ஒரே பேச்சுத்தான்: "இந்தியாப் புகை வந்திட்டுது." அது பொய்யல்ல. மார்கழி, தை மாதங்களில் வாடை வீசும்போது கங்கைச் சமவெளியின் தூசும் புகையும் கடல் கடந்து வருகின்றன. ஆனால் அது முழு உண்மையுமல்ல.

அந்த மாதங்களின் இரவில் நிலம் குளிர, நிலத்தையொட்டிய காற்றும் குளிர்ந்து தாழ்வாகவே படிந்துவிடுகிறது. சட்டிக்கு மூடி போட்டது போல. மோட்டார் சைக்கிள் புகை, விடிய எழும்பிக் கூட்டிக் கொளுத்தும் குப்பைப் புகை, கல்லுண்டாய் குப்பை மேடு தீப்பற்றும்போது எழும் புகை எல்லாம் மேலே போக வழியில்லாமல் எங்கள் மூக்கின் உயரத்திலேயே நிற்கின்றன. வெளியிலிருந்து வருவதும் அதனோடு சேர்கிறது. வைகாசி பிறந்து சோளகம் பலமாக வீசத் தொடங்கினால் காற்று சுத்தமாகிவிட்டதாக நினைக்கிறோம். அப்போதும் நாங்கள் அதே அளவு புகையைத்தான் விடுகிறோம். சோளகம் அதை அள்ளிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான்.

இதில் ஓர் எண் விளையாட்டும் இருக்கிறது. நுரையீரலின் அடிவரை போகக்கூடிய பிஎம் 2.5 நுண்துகள், ஒரு கன மீற்றர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இலங்கையின் 2008 ஆம் ஆண்டு நியமம் 50 வரை அனுமதிக்கிறது. எங்கள் அரசாங்கம் "பரவாயில்லை" என்று சொல்லும் ஒரு நாளில், உலக அளவுகோலின் மூன்று மடங்கைக் குழந்தைகள் சுவாசித்திருக்கலாம்.

புகையைப் பற்றியாவது பேசுகிறோம். வெக்கையைப் பற்றிப் பேசுவதேயில்லை. நகரம் தன்னைச் சுற்றியுள்ள நாட்டுப்புறத்தைவிட, முக்கியமாக இரவில், சூடாக இருக்கிறது என்பதை லூக் ஹோவார்ட் என்பவர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே லண்டனில் அளந்து எழுதினார். காரணம் எளிது. தாரும் சீமெந்தும் பகலில் வெயிலைக் குடித்து இரவில் கக்குகின்றன. மரமும் ஈர மண்ணும் நீரை ஆவியாக்கி அந்த வெயிலைத் தணிக்கின்றன. காண்டாவன நாட்களில் இரவு ஒன்பது மணிக்குக் கோப்பாய் வயல்வெளிப் பக்கமிருந்து நகரத்துக்குள் மோட்டார் சைக்கிளில் வந்தால், கருவி எதுவும் வேண்டாம். முகமே சொல்லும்.

எங்கள் நிலத்தில் இது போரோடு தொடங்கிய கதை. பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் எல்லாத் தரப்பும் பனைகளைத் தறித்தன. தப்பியவற்றில் பலவற்றின் தலையை ஷெல் கொண்டுபோனது. 2009 க்குப் பிறகு வந்தது வேறு வகையான வெட்டு. காணி துண்டுகளாகியது. முற்றத்து வேம்பு "குப்பை கொட்டுது" என்று விழுந்தது. கிடுகு வேலி போய் ஆளுயர மதில் வந்தது. கிடுகின் ஊடாகக் காற்று புகுந்து வரும். மதில் காற்றைத் தடுப்பதோடு, விடியும்வரை சூட்டையும் வைத்திருக்கும். முற்றத்துக்கும் சீமெந்துக்கல் பதிப்பது இப்போது வசதியின் அடையாளம். (வெளிநாட்டுக் காசில் எழும் வீடுகளில்தான் இது அதிகம். அந்த வீடுகள் பலவற்றில் ஆட்களும் இல்லை.) ஆரியகுளம் 2021 இல் புனரமைக்கப்பட்டது நல்ல விடயம். ஆனால் குளத்துக்கு நீர் வரும் வாய்க்கால்களும் சுற்றியுள்ள தாழ்நிலமும் திறந்திருந்தால்தான் அது குளம். இல்லையென்றால் படம் பிடிக்கும் இடம் மட்டுமே.

பணமுள்ளவர் குளிரூட்டி பூட்டுகிறார். அதன் வெப்பம் வெளியே, அடுத்த வீட்டுப் பக்கம் போகிறது. காணி இன்னும் விடுபடாமல் உறவினர் வளவில் தகரக் கொட்டில் போட்டிருப்பவருக்கு அந்த வழியில்லை. அங்கேயே விறகடுப்பும் எரிகிறது. அந்தப் புகையை எந்த அளவீடும் கணக்கிலெடுப்பதில்லை.

பொலிஸ், காணி அதிகாரங்களுக்காகப் பல பத்தாண்டுகளாகப் போராடுகிறோம். அது நியாயமானது. ஆனால் கட்டட அனுமதி, குப்பை அகற்றல், வாய்க்கால், வீதியோர மரம் ஆகியவை ஏற்கனவே உள்ளூராட்சி சபைகளின் கையில் இருக்கின்றன. 2025 மே 6 ஆம் திகதி தேர்தலில் அந்தச் சபைகளுக்கு எங்கள் ஆட்களையே தெரிவு செய்தோம். வளவில் எவ்வளவு நிலம் மூடப்படாமல் இருக்கவேண்டும் என்பதை அனுமதிப் பத்திரத்திலேயே நிபந்தனையாக்க முயலலாம். குப்பையைத் தரம்பிரித்து ஒழுங்காக எடுத்தால், கொளுத்துபவரைத் தண்டிக்க ஒரு நியாயம் கிடைக்கும். குப்பை வண்டியே வராத ஒழுங்கையில் கொளுத்தாதே என்று யாருக்குச் சொல்வது?

உங்கள் வட்டார உறுப்பினரை அடுத்த தடவை கோயிலிலோ கலியாண வீட்டிலோ கண்டால் இரண்டு கேள்விகள் கேளுங்கள். எங்கள் ஒழுங்கைக்குக் குப்பை வண்டி கிழமையில் எத்தனை நாள் வரும்? கடந்த வருடம் சபை அனுமதித்த கட்டடங்களில் எத்தனை, வாய்க்காலை மறித்து நிற்கின்றன?