கத்திரி வெயிலும் கடத்தூர் வானமும்

அக்கினி நட்சத்திரம் என்று சொல்லப்படும் கத்திரி நாட்களே ஆண்டில் உஷ்ணம் உச்சத்தை எட்டும் காலம் என்றும், அந்நாட்களில் வானம் ஒரு துளியும் சிந்தாது என்றும், தப்பித் தவறிச் சிந்தினால் அது வரப்போகும் பருவமழையைக் கெடுத்துவிடும் என்றும் ஓர் அபிப்பிராயம் நம் ஜனங்களிடையே வெகுகாலமாக நிலைபெற்றிருக்கிறது. தர்மபுரி மாவட்டத்துக் கடத்தூரிலும், அதை அடுத்த பொம்மிடி, பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரங்களிலும் இதுவே பேச்சு. பேச்சோடு நில்லாமல், தண்ணீர்ப்பந்தல் திறப்பதும் வேலை நேரத்தை மாற்றுவதும்கூட "கத்திரி பிறக்கட்டும்" என்று அந்தத் தேதிக்காகக் காத்திருக்கின்றன. பஞ்சாங்கத்தின் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் இம்மூன்று கூற்றுகளும் இந்த மண்ணின் சீதோஷ்ண நிலைக்குப் பொருந்தாதவை என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். ஏனெனில் இவற்றை நம்புவதால் வரும் துன்பம் திறந்த வெளியில் உழைத்துப் பிழைப்பவர்களையே சேருகிறது.

முதற் கூற்றை எடுத்துக்கொள்வோம். சூரியன் பரணியின் பிற்பகுதியில் தொடங்கி, கார்த்திகை முழுவதும் சஞ்சரித்து, ரோகிணியின் முதற் பாதத்தைக் கடக்கும் வரையுள்ள நாட்கள், ஆங்கிலத் தேதியில் ஏறத்தாழ மே 4 முதல் 28 வரை, கத்திரியாகக் கணிக்கப்படுகின்றன. கடத்தூரோ பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 12 பாகையில் இருக்கும் ஊர். அங்கே சூரியன் நேர் உச்சியில் நின்று, நட்ட கோலின் நிழல் நண்பகலில் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும் நாள் ஏப்ரல் 22-ஐ ஒட்டி, சித்திரை இரண்டாம் வாரத்திலேயே வந்துவிடுகிறது. கத்திரி பிறக்கும்போது சூரியன் அவ்வூரைத் தாண்டி வடக்கே நான்கு பாகை போயிருக்கும். அதே சூரியன் ஆகஸ்டு 21 வாக்கில், ஆவணித் தொடக்கத்தில், மறுபடியும் கடத்தூரின் தலைக்கு மேல் நேராக நிற்கிறது. அன்றைக்கு எவரும் வெயிலைச் சபிப்பதில்லை. மேகமும் ஈர மண்ணும் அதன் கொடுமையை வாங்கிக்கொள்கின்றன. ஆகவே ஓர் ஊரின் உஷ்ணத்தைச் சூரியனின் நிலை மாத்திரம் நிர்ணயிப்பதில்லை. வானம் தெளிந்திருக்கிறதா, மண் காய்ந்திருக்கிறதா, காற்று எத்திசையிலிருந்து வருகிறது என்பனவும் சேர்ந்தே நிர்ணயிக்கின்றன.

சூரியன் கடந்த பிறகும் பூமி வெப்பத்தைச் சேர்த்துக்கொண்டே போகும், அதனால்தான் உச்சம் பின்னால் வருகிறது என்று சிலர் வாதிக்கலாம். அது ஜூன் கடைசி வரை மழை எட்டிப் பாராத டில்லி போன்ற பிரதேசங்களுக்கு மெய். தென்னாட்டில் ஊருக்கு ஊர் கதை வேறு. பெங்களூரில் பகல் வெப்பத்தின் சராசரி ஏப்ரலில்தான் மிகுதி, மேயில் அன்று; 2016-இல் அங்கே உஷ்ணமானி 39.2 டிகிரி செல்சியசைத் தொட்ட நாள், கத்திரி பிறப்பதற்குப் பத்து நாள் முந்திய ஏப்ரல் 24. சென்னையிலோ, மேல்காற்று வலுத்துக் கடற்காற்று தாமதிக்கும் நாட்களில்தான் வெயில் உக்கிரம் கொள்கிறது. 45 டிகிரி என்ற அந்நகரத்தின் உச்ச அளவு பதிவானது, கத்திரி முடிந்துபோன பின், 2003 மே 31 அன்று. கடற்கரையிலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே, 400 மீட்டர் அளவு உயரத்தில் கிடக்கும் கடத்தூரின் கோடைக்குச் சென்னையைவிடப் பெங்களூரே நெருங்கிய உறவு. பங்குனியின் பிற்பாதியிலும் சித்திரையின் முற்பாதியிலும் அங்கே அடிக்கும் வறண்ட வெயில் கத்திரிக்கு எவ்விதத்திலும் இளைத்ததன்று. கோடைமழை உரிய காலத்தில் இறங்கும் ஆண்டுகளில் அது கத்திரியை விஞ்சியே நிற்கிறது. மழை ஏய்த்துவிட்ட ஆண்டுகளில் மே மாதமும் பொசுக்கத்தான் செய்யும், அதை நான் மறுக்கவில்லை.

கத்திரியில் மழை இல்லை என்ற இரண்டாவது கூற்று இந்த வட்டாரத்தில் கண்ணுக்கு எதிரேயே பொய்யாகிறது. சித்திரை பிறந்து நாளேற நாளேற, காய்ந்த நிலத்தின் மேல் காற்று சூடேறி எழும்ப, தீபகற்பத்தின் நடுவே வடக்குத் தெற்காக ஒரு தாழ்வழுத்தக் கோடு நீள்கிறது. ஒரு பக்கம் வங்கக் கடலிலிருந்தும் மறுபக்கம் அரபிக் கடலிலிருந்தும் வரும் ஈரக் காற்று அக்கோட்டை ஒட்டிக் கலந்து மேலெழுகிறது. கடத்தூருக்குத் தெற்கே சேர்வராயன் மலையும், மேற்கே வத்தல்மலையும், தென்கிழக்கே சித்தேரி மலையும் நின்று அக்காற்றை இன்னும் உயரத் தூக்கிவிடுகின்றன. காலையில் மாசற்றிருந்த ஆகாயத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு மலையுச்சிகளின் மேல் வெண்மேகம் திரண்டு, பொழுது சாயுமுன் கறுத்து, புழுதிக்காற்று முன்னே ஓடிவர, இடியும் மின்னலுமாக ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு நட்சத்திரங்கள் தெரியும்படி விலகிப்போவது இங்கே கோடையின் வழக்கமான நிகழ்ச்சி. சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டத்தார் மார்ச், ஏப்ரல் மழையை நம்பித்தான் செடியில் பூவை எதிர்பார்க்கிறார்கள்; அந்த மழை விழுந்து பத்து நாளுக்குள் தோட்டம் வெள்ளையாகப் பூத்துவிடும். மலையடியிலுள்ள மானாவாரிக்காரர் கோடை உழவுக்கு ஏர் பூட்டுவதும் இத்தகைய மழையின் ஈரத்தில்தான்.

இந்த மழைக்குக் கொடுமையும் உண்டு. அதனுடன் வரும் சூறைக்காற்று பறிக்கும் பக்குவத்துக்கு வந்த மாங்காயை ஒரே மாலையில் உதிர்த்துவிடும், குலைதள்ளிய வாழையை முறித்துவிடும். அதைவிடப் பயங்கரம் மின்னல். கத்திரியில் மழை வராது என்று நம்பியிருக்கும் ஆடுமாடு மேய்ப்பவர், திடீரென்று வானம் இருண்டதும் சாலையோரத்துப் புளியமரத்தடியில் ஒதுங்குகிறார். இடி இறங்கும்போது ஒற்றை மரத்தடியைக் காட்டிலும் ஆபத்தான இடம் வேறில்லை. பிற்பகலில் மலைப்பக்கம் மேகம் கட்டினால் மந்தையைத் திருப்பிக்கொண்டு வீடு சேர்வதே உயிருக்குக் காப்பு என்பது ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவேண்டிய பாடம்.

மூன்றாவது கூற்றுக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. பருவமழை இந்து மகா சமுத்திரத்தின் மேல் பல்லாயிரம் கிலோமீட்டர் பிரயாணம் செய்து வரும் காற்றினால் விளைவது. பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு மாலை பெய்த இடிமழை அதைத் தடுக்கவோ தீர்க்கவோ வல்லதன்று. கத்திரி மழையைச் சகுனப் பிழையாகக் கருதி முகம் சுளிப்பதைவிட, அது வருமுன் ஏரி வரத்துக் கால்வாயின் அடைப்பை எடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

இனி, தொடக்கத்தில் சொன்ன வெயிற்கால ஏற்பாடுகளுக்கு வருவோம். சமவெளியில் வெப்பம் 40 டிகிரியை எட்டும்போதுதான் வெப்ப அலையைப் பற்றி வானிலைத் துறை பேசத் தொடங்குகிறது. அந்த அளவு நிழலில், காற்றோட்டமுள்ள மரப்பெட்டிக்குள் இருக்கும் உஷ்ணமானியின் அளவு. வெட்டவெளியில் மண் வெட்டும் பெண்ணின் உடல் தாங்குவது அதற்கும் மேல். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்த தமிழ்நாட்டு அரசு, அதற்குரிய ஏற்பாடுகளைக் கத்திரித் தேதிக்கு ஒத்திப்போட நியாயமே இல்லை. கடத்தூர்ச் சந்தையில் தண்ணீர்ப்பந்தல் பங்குனி முதல் வாரத்திலேயே நிற்க வேண்டும். நூறு நாள் வேலைக்கு வருவோர் அன்றிலிருந்தே விடியலில் தொடங்கி, வெயில் ஏறுமுன் கரையேற வழி செய்ய வேண்டும்.