பத்திரத்தைப் பிரித்துப் படியுங்கள்



புதிய கார் வாங்கும் குடும்பம் எத்தனையோ செய்திகளை ஆராய்கிறது. நிறம் எது, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், மாதத் தவணை எவ்வளவு என்று வீட்டிலுள்ளோர் அனைவரும் கூடி விவாதிக்கிறோம். வண்டி வந்ததும் கோயிலுக்குக் கொணர்ந்து மந்திரித்துக் கொள்கிறோம். எல்லாம் நன்றே. ஆனால் அவ்வண்டியோடு வந்த காப்பீட்டுப் பத்திரத்தை, அதாவது இன்ஷூரன்ஸ் பாலிசியை, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தவர் நம்மில் எத்தனை பேர்? போலீஸார் கேட்டால் காட்டுவதற்கு ஒரு தாள் இருக்கிறது என்ற மனநிறைவோடு அதனை வண்டிக்குள் வைத்து மூடிவிடுகிறோம். இக்காலத்திலோ அது கைபேசிக்கு வந்து, திறக்கப்படாமலே கிடக்கிறது.

இம்மாதம் அந்தத் தாளைப் பற்றியே பேச விரும்புகிறேன். வண்டிக்கு உரியவர், வண்டியை ஓட்டுபவர் ஆகியோரைக் குறித்து அதில் எழுதப்பட்டுள்ள விவரங்களில் பிழை நேர்ந்திருந்தால் என்ன ஆகும், அதனை எவ்வாறு திருத்துவது என்பதே நம் பொருள்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 146-ஆம் பிரிவின்படி, மூன்றாம் நபருக்கான காப்பீடு இல்லாமல் எந்த வண்டியையும் பொதுச் சாலையில் ஓட்டலாகாது என்று கட்டளையிடுகிறது. நம் வண்டியால் பிறருக்கு நேரும் உயிர்ச்சேதம், உடற்சேதம், பொருட்சேதம் ஆகியவற்றுக்கு ஈடு செய்வது அது. நம் வண்டிக்கே நேரும் சேதத்துக்கான காப்பு நாமாக விரும்பி எடுப்பது. இவற்றோடு மூன்றாவதாக ஒன்றும் உண்டு. வண்டியின் உரிமையாளரே ஓட்டுநராக இருந்து விபத்தில் இறந்தாலோ ஊனமுற்றாலோ அவருடைய குடும்பத்துக்குக் கிடைக்கும் தனிநபர் விபத்துக் காப்பு அது. காருக்கு 2 இலட்சம் ரூபாயாக இருந்த இத்தொகை, 2018-இல் 15 இலட்சமாக உயர்த்தப்பட்டது.

சில அயல்நாடுகளில் இன்னின்னார் ஓட்டுவர் என்று பெயர் குறித்து, அவர்தம் வயதையும் அனுபவத்தையும் பார்த்தே பிரீமியம் விதிப்பர். நம் நாட்டில் வழக்கம் வேறு. வண்டியைப் பொறுத்தே பெரும்பாலும் கட்டணம் அமைகிறது. உரிமையாளரின் இசைவோடு தக்க உரிமம் பெற்ற எவரும் ஓட்டலாம். இதனால், “ஓட்டுபவர் விவரம் எப்படி இருந்தால் என்ன?” என்னும் அலட்சியம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அது தவறான எண்ணம். எங்கெங்கே அது தவறு என்பதைப் பார்ப்போம்.

முதலாவது, பெயர். பத்திரத்தில் உள்ள பெயரும், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள பெயரும், ஓட்டுநர் உரிமத்தில் உள்ள பெயரும் ஒரே மனிதரைச் சுட்ட வேண்டும். நம் குடும்பங்களில் இது எளிதன்று. ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று, வீட்டில் அழைப்பது வேறொன்று. ஒரு சான்றில் சவரிமுத்து என்றும் மற்றொன்றில் சேவியர் என்றும் இருக்கும். ஒன்றில் சூசை, மற்றொன்றில் ஜோசப். அந்தோணி என்னும் பெயரையோ ஆங்கிலத்தில் ‘எச்’ சேர்த்தும் எழுதுகிறோம், சேர்க்காமலும் எழுதுகிறோம். தகப்பனார் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாக முன்னே நிற்கும். வேறோரிடத்தில் முழுப்பெயராகப் பின்னே வரும். நமக்கு இவை அனைத்தும் ஒருவரே. தாள்களை மட்டுமே பார்த்துத் தீர்மானிக்கும் அலுவலருக்கு அவை இருவராகத் தோன்றலாம். எழுத்துப் பிழை ஒன்றினாலேயே இழப்பீட்டு உரிமை பறிபோய்விடாது எனினும், சர்வேயருக்கும் அலுவலகத்துக்கும் விளக்கம் கொடுத்தே துயருற்ற குடும்பம் அலைய நேரிடும்.

இரண்டாவது, உரிமையாளர்-ஓட்டுநர் காப்பு. இதனைப் பெற மூன்று நிபந்தனைகள் உண்டு: வண்டி அவர் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும், பத்திரமும் அவர் பெயரில் இருக்க வேண்டும், விபத்து நேர்ந்த நாளில் அவரிடம் செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும். ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். வண்டி தாயாரின் பெயரில் இருக்கிறது. அவருக்கு ஓட்டத் தெரியாது, உரிமமும் இல்லை. நாள்தோறும் ஓட்டுபவர் மகன். விபத்தில் மகன் இறந்துவிட்டால், மேற்சொன்ன 15 இலட்சம் அந்த வீட்டுக்கு வராது. ஏனெனில் மகன் உரிமையாளர் அல்லர், உரிமையாளராகிய தாயார் ஓட்டுநர் அல்லர். இத்தகைய குடும்பத்தார் முன்னதாகவே நிறுவனத்துக்கு உண்மை நிலையைத் தெரிவித்து, மகனுக்கெனத் தனியே ஒரு விபத்துக் காப்பு எடுத்துக்கொள்வது விவேகம்.

இதே பகுதியில் நாமினி என்னும் நியமனதாரர் பெயரும் இருக்கும். மணமாகுமுன் தாயார் பெயரை எழுதியவர், மணமாகிப் பிள்ளைகள் பிறந்த பின்னும் அதனை மாற்றுவதில்லை. சிலருடைய பத்திரத்தில் மறைந்துபோன தகப்பனார் இன்னும் நியமனதாரராக இருக்கிறார். சிறுபிள்ளையின் பெயரை எழுதினால், அப்பிள்ளைக்காகத் தொகையைப் பெறும் பெரியவர் ஒருவரையும் குறிப்பிட வேண்டும்.

மூன்றாவது, உரிமம். பத்திரத்திலுள்ள ஓட்டுநர் விதி, விபத்து நேரத்தில் ஓட்டியவரிடம் செல்லத்தக்க உரிமம் இருக்க வேண்டும் என்கிறது. முன்பெல்லாம் உரிமம் காலாவதியான பின்னும் 30 நாள் வரை செல்லும் என்ற சலுகை இருந்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அதனை நீக்கிவிட்டது. 55 வயது கடந்தோர்க்கு ஐந்து ஆண்டுகளுக்கே உரிமம் புதுப்பிக்கப்படுவதால், இல்லத்துப் பெரியோர் இதில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். பழகுநர் உரிமத்தோடு கார் ஓட்டும் பிள்ளைக்கு அருகில், முறையான உரிமம் பெற்ற ஒருவர் அமர்ந்திருப்பதும், வண்டியில் ‘எல்’ பலகை இருப்பதும் கட்டாயம்.

நான்காவது, சம்பளத்துக்கு அமர்த்திய ஓட்டுநர். முதுமையினாலோ பார்வைக் குறைவினாலோ ஒருவர் டிரைவரை அமர்த்திக்கொள்கிறார். அவருக்கு நேரும் விபத்துக்கு நமக்குள்ள சட்டப் பொறுப்பைக் காப்பீட்டில் முழுமையாகச் சேர்ப்பதற்கு ஆகும் கூடுதல் பிரீமியம் மிகச் சிறியது. அந்த வரி பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நம் வண்டியை ஓட்டி உயிர் வாழும் ஏழைக் குடும்பத்துக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச நீதி அது.

இனி, மிகுதியாகக் கவனிக்கப்படாத ஒன்றைச் சொல்கிறேன். குடும்பத் தலைவர் இறந்துபோகிறார். வண்டி அவர் பெயரிலேயே நிற்கிறது, மகன் ஓட்டுகிறான், ஆண்டுதோறும் மறைந்தவரின் பெயரிலேயே பிரீமியமும் கட்டப்படுகிறது. இது ஆபத்தான நிலை. பத்திரத்தின் நிபந்தனைப்படி, உரிமையாளர் இறந்த நாளிலிருந்து மூன்று மாதம் வரை, அல்லது பத்திரம் முடியும் நாள் வரை, இவற்றுள் எது முந்தியதோ அதுவரையே அது செல்லும். அதற்குள் வாரிசுகள் இறப்புச் சான்றிதழையும் உரிமைக்கான ஆதாரத்தையும் மூலப் பத்திரத்தையும் கொடுத்துத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளவோ புதிய பத்திரம் பெறவோ வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் 30 நாளுக்குள் இறப்பைத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். துக்க வீட்டில் இதையெல்லாம் யார் நினைப்பார் என்பீர்கள். உண்மைதான். ஆதலால் உறவினரோ அயலாரோ ஒருவர் இதனை நினைவூட்டி, உடன் சென்று உதவுவது பெரிய உபகாரம்.

பழைய வண்டியை விலைக்கு வாங்குவோர்க்கும் ஒரு சொல். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பித்துப் பத்திரத்தில் மாற்றம் பெற வேண்டும் என்று 157-ஆம் பிரிவு கூறுகிறது. மூன்றாம் நபர் காப்பு சட்டத்தால் தானே தொடரும். வண்டியின் சொந்தச் சேதத்துக்கான காப்பு அவ்வாறு தானே தொடராது. மேலும், இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் ‘நோ கிளெய்ம் போனஸ்’ என்னும் சலுகை ஆளுக்கு உரியது, வண்டிக்கு உரியதன்று. முதல் ஆண்டுக்குப்பின் 20 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை உயரும் அச்சலுகை, விற்றவருடையதாயின் வாங்கியவருக்குச் சேராது.

பிழை இருந்தும் திருத்தாவிட்டால் விளைவு என்ன? 2004-ஆம் ஆண்டில் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. உரிமத்தில் குறை உண்டு என்பது மட்டும் போதாது. உரிமையாளர் தம் கடமையில் தவறினார் என்பதையும் நிறுவனமே மெய்ப்பிக்க வேண்டும் என்றது. அவ்வாறு மெய்ப்பிக்கப்பட்ட இடத்தும், அடிபட்டவருக்கு முதலில் தொகையைக் கொடுத்துவிட்டு, பின்னர் அதனை உரிமையாளரிடமிருந்து வசூலிக்க நீதிமன்றம் ஆணையிடலாம் என்றது. அடிபட்டவர் கைவிடப்படலாகாது என்பதே இதன் கருத்து. ஆனால் வசூலிக்கப்படும் உரிமையாளரின் நிலையை எண்ணுங்கள். வீடும் நிலமும் விற்றாலும் அடையாத கடன் ஒரே நாளில் தலைமேல் வந்து விழும்.

திருத்தும் வழி கடினமானதன்று. பத்திரம் கிடைத்த அன்றே ஆர்.சி. புத்தகத்தையும் உரிமத்தையும் அருகில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். பெயர், முகவரி, பதிவு எண், என்ஜின் எண், சேசிஸ் எண், நியமனதாரர், போனஸ் விழுக்காடு ஆகிய ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் பாருங்கள். பிழை கண்டால், ஏஜெண்டிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். பத்திரம் வழங்கிய நிறுவனத்துக்கு எழுத்தாலோ மின்னஞ்சலாலோ தெரிவியுங்கள். பத்திர எண்ணையும், இருப்பது என்ன, இருக்க வேண்டியது என்ன என்பதையும் தெளிவாக எழுதி, ஆதார நகல்களை இணையுங்கள். கூடுதல் பிரீமியம் கேட்டால் உடனே செலுத்துங்கள். நிறுவனம் ‘எண்டார்ஸ்மெண்ட்’ எனப்படும் திருத்தக் குறிப்பை வழங்கும். அது கைக்கு வரும்வரை திருத்தம் நடந்ததாகக் கருதாதீர்கள். அதில் குறித்துள்ள நாளையும் பாருங்கள். புதிதாகச் சேர்த்த காப்பு அந்நாள் முதலே செல்லும். விபத்துக்குப் பின் ஓடிச்சென்று சேர்ப்பது விபத்துக்கு முந்திய நாளைக் காக்காது.

விண்ணப்பித்தும் பயனில்லையெனில், நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லையென்றாலோ, பதில் மனநிறைவு அளிக்கவில்லை என்றாலோ, காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் முறையிடலாம். சென்னையிலும் அவருடைய அலுவலகம் உண்டு. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை.

இறுதியாக ஒன்று. காப்பீட்டு ஒப்பந்தத்துக்குச் சட்ட அறிஞர் இலத்தீனில் ‘உபெரிமா ஃபிதெஸ்’ என்றொரு அடிப்படையை வகுத்துள்ளனர். நிறைந்த நம்பகம் என்பது அதன் பொருள். 1766-இல் இங்கிலாந்தில் மான்ஸ்ஃபீல்டு பிரபு இக்கருத்தை வலியுறுத்தித் தீர்ப்பளித்தார்: ஆபத்தைக் கணிக்கத் தேவையான செய்திகள் பெரும்பாலும் ஒருவருக்கே தெரியுமாதலால், அவற்றை மறையாது சொல்வது அவர் கடன். இக்கடமை, நமக்குப் பாதகமான பிழையைப் போலவே நமக்குச் சாதகமான பிழைக்கும் பொருந்தும். உரிமையில்லாத போனஸ் பத்திரத்தில் ஏறியிருந்தால், “அவர்கள் செய்த தவறுதானே” என்று மௌனமாயிருப்பது நேர்மையன்று. இழப்பு வரும் நாளில் அதுவே நம் கோரிக்கைக்குத் தடையாகவும் நிற்கும். தெரியாமல் நேர்ந்தது பிழை. தெரிந்தபின் திருத்தாமல் விடுவது பொய்யின் பக்கம் சாய்வது.

ஆகவே, வீட்டில் அனைவரும் கூடியிருக்கும் ஒரு மாலை வேளையில் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். மகனோ மகளோ உரக்கப் படிக்கட்டும். மற்றவர்கள் சான்றுகளோடு ஒப்பிடட்டும். பத்திரம் எங்கே இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது, எந்நாளில் முடிகிறது என்பதை இல்லத்தரசியும் அறிந்திருக்கட்டும். துன்ப நாளில் அதனைத் தேடி எடுக்க வேண்டியவர் பெரும்பாலும் அவரே.