ஹோட்டல் ஊழியர் சொன்னார்... சச்சின் கேட்டார்! - ரசிகர்களை மதித்த நட்சத்திரங்கள்

2019 டிசம்பர் மாதம். சச்சின் டெண்டுல்கர் ட்விட்டரில் ஒரு வீடியோ போட்டார். அவர் ஓய்வு பெற்று ஆறு வருடங்கள் ஆகியிருந்தன. ஏதாவது விளம்பரமாக இருக்கும், இல்லையென்றால் யாருக்காவது பிறந்த நாள் வாழ்த்தாக இருக்கும் என்று நினைத்துத் திறந்தவர்களுக்கு ஆச்சர்யம். ஒருவரைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி ரசிகர்களிடம் உதவி கேட்டிருந்தார் சச்சின். தேடப்பட்டவர் ஒரு கிரிக்கெட் வீரர் அல்ல. சென்னை ஹோட்டல் ஒன்றில் வேலை பார்த்தவர்.

விஷயம் இதுதான். பல வருடங்களுக்கு முன்பு, டெஸ்ட் தொடருக்காக சென்னை வந்த சச்சின், தாஜ் கோரமண்டல் ஹோட்டலில் தங்கியிருந்தார். அறைக்குக் காபி சொல்கிறார். கொண்டு வந்த ஊழியர் தயங்கித் தயங்கி, கிரிக்கெட் பற்றி ஒரு விஷயம் சொல்லலாமா என்று கேட்கிறார். 'சொல்லுங்கள்' என்கிறார் சச்சின். நீங்கள் முழங்கையில் எல்போ கார்டு கட்டிக்கொண்டு ஆடும்போது உங்கள் பேட் வரும் விதம் மாறுகிறது என்கிறார் அந்த ஊழியர்.

இப்படி ஒரு சங்கடம் இருப்பது தனக்கு மட்டும்தான் தெரியும், யாரிடமும் அதைப் பேசியதில்லை என்று அந்த வீடியோவில் சொன்னார் சச்சின். அந்த ஊழியரோ, தீவிர ரசிகர். ஒவ்வொரு பந்தையும் திரும்பத் திரும்பப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார். அதைக் கேட்ட பிறகு, எல்போ கார்டின் அளவு, உள்ளே வைக்கும் பஞ்சு, பட்டை வரும் இடம் என எல்லாவற்றையும் மாற்றி வடிவமைத்துக் கொண்டதாகச் சொன்னார் சச்சின்.

வீடியோ வந்த வேகத்தில் ஆளும் கிடைத்துவிட்டார். சென்னைக்காரர். காபி கொண்டு வந்தவராக சச்சினின் நினைவில் இருந்த அவர், தான் அப்போது அங்கே செக்யூரிட்டி வேலையில் இருந்ததாகச் சொன்னார். என்ன வேலை என்பது சச்சினுக்கு மறந்திருக்கலாம். என்ன சொன்னார் என்பது மறக்கவில்லை.

பெரிய மனசு என்பது எது?

நட்சத்திரம் ரசிகரிடம் அன்பாக நடந்துகொண்டார் என்றால், நமக்கு உடனே ஞாபகம் வருவது செல்ஃபியும் ஆட்டோகிராஃபும்தான். சச்சின் கதையில் அவற்றைத் தாண்டி மூன்று விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, காதுகொடுத்துக் கேட்டார். அந்த நேரத்தில் அவருக்கு ஆலோசனை சொல்லப் பயிற்சியாளர்கள் இருந்தார்கள், முன்னாள் வீரர்கள் இருந்தார்கள். 'சரிப்பா, பார்க்கலாம்' என்று சிரித்து அனுப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டு, சொன்னதில் உண்மை இருந்ததால் அதன்படி செய்தார். மூன்று, இதுதான் முக்கியம், அந்த யோசனை யாருடையது என்று உலகத்துக்கே சொன்னார். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

தன்னைக் கொண்டாடுகிறவருக்கும் மூளை உண்டு, பெயர் உண்டு, வாழ்க்கை உண்டு என்று நினைப்பது பெரிய விஷயம். ஆயிரக்கணக்கான முகங்களைத் தினமும் பார்க்கிற ஒருவருக்கு அது இன்னும் கடினம்.

தோற்ற நாளில் தெரியும் குணம்

சென்னை என்றாலே அடுத்த பெயர் தோனிதானே! அவரைப் பற்றிய மூன்று காட்சிகளைப் பாருங்கள்.

2019 ஏப்ரல் 3, மும்பை வான்கடே மைதானம். மும்பை இந்தியன்ஸுடன் மேட்ச். தோனிக்காக மட்டுமே வந்திருக்கிறேன் என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு கேலரியில் ஒரு வயதான அம்மா. மேட்ச் முடிந்ததும் தோனியே அவரைப் பார்க்க வந்தார். பக்கத்தில் நின்று பேசி, செல்ஃபியும் எடுத்துக்கொண்டார்.

2023 மே 14, சேப்பாக்கம். அந்த சீசனில் சென்னையில் நடந்த கடைசி லீக் மேட்ச், எதிரணி கொல்கத்தா. முடிந்த பிறகும் ரசிகர்கள் வீட்டுக்குக் கிளம்பவில்லை. முழங்காலில் கட்டுடன் தோனி மைதானத்தைச் சுற்றி நடந்தார். டென்னிஸ் ராக்கெட்டை எடுத்துப் பந்துகளை ஒவ்வொரு கேலரிக்கும் அடித்து அனுப்பினார். கமென்ட்ரியில் இருந்த சுனில் கவாஸ்கர் பேனாவும் கையுமாக ஓடிவந்து, தன் சட்டையிலேயே ஆட்டோகிராஃப் வாங்கிக்கொண்டதும் அன்றைக்குத்தான். அடுத்த சில வாரங்களில் அந்த முழங்காலுக்கு மும்பையில் அறுவை சிகிச்சையே நடந்தது. அந்தக் காலோடுதான் முழுச் சுற்று வந்திருக்கிறார்.

2024 மே 10, அகமதாபாத். தோனி பேட்டிங் செய்துகொண்டிருக்கும்போதே ஓர் இளைஞர் வேலி தாண்டி ஓடி வந்து காலில் விழுந்தார். தோனி கோபப்படவில்லை. தோளில் கை போட்டுப் பேசினார். தனக்கு மூச்சு விடுவதில் பிரச்னை இருப்பதைக் கவனித்து விசாரித்ததாகவும், அறுவை சிகிச்சையைத் தான் பார்த்துக்கொள்வதாக தோனி சொன்னதாகவும் அந்த இளைஞர் பிறகு ஒரு பேட்டியில் சொன்னார்.

இந்த மூன்றுக்கும் உள்ள ஒற்றுமையைக் கவனித்தீர்களா? மூன்று நாளும் சி.எஸ்.கே தோற்ற நாள்! ஜெயித்த நாளில் எல்லோருக்கும் சிரிப்பு வரும். தோற்றுவிட்டு, உடம்பு வலியோடு, டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போய்ப் படுக்கலாம் என்று தோன்றும் நேரத்தில் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில்தான் குணம் தெரியும்.

ஹெட்கியர் யாருக்கு?

நமக்குக் கிரிக்கெட் மாதிரி, ஆஸ்திரேலியாவின் சில மாநிலங்களில் உயிர் மூச்சு, ரக்பி லீக். அணிக்கு 13 பேர். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறவரை எதிரணி மடக்கிப் பிடித்துச் சாய்க்கும். ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். கபடியைப் பெரிய மைதானத்தில், பந்தோடு ஆடுவதுபோலக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இந்த ஆட்டம் பிறந்த கதையே சுவாரஸ்யம். 1895-ல் இங்கிலாந்தின் வட பகுதி கிளப்புகள், பழைய ரக்பி அமைப்பை விட்டு வெளியேறின. காரணம், சம்பளம். அங்கே ரக்பி ஆடியவர்களில் நிறைய பேர் மில்லிலும் சுரங்கத்திலும் வேலை பார்த்தவர்கள். ஆடுவதற்காக லீவு போட்டால் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியை ஈடுகட்டக் கூடாது என்றது பழைய அமைப்பு. 'அப்படியானால் நாங்கள் தனியாகப் போகிறோம்' என்று கிளம்பியவர்கள் உருவாக்கியதுதான் ரக்பி லீக். ஆடியவரும் பார்த்தவரும் ஒரே தெருக்காரர்கள்.

அந்த ஆட்டத்தின் மிகப்பெரிய நட்சத்திரங்களில் ஒருவர் ஜொனாதன் தர்ஸ்டன். ஆஸ்திரேலியப் பூர்வகுடி இனத்தைச் சேர்ந்தவர். அந்நாட்டு லீக்கின் சிறந்த வீரருக்கான டாலி எம் விருதை நான்கு முறை வாங்கியவர். 2015 இறுதிப் போட்டியில் கூடுதல் நேரத்தில் வெற்றிப் புள்ளியை உதைத்து, நார்த் குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸ் அணிக்கு முதல் கோப்பையை வாங்கித் தந்தவர்.

தலையில் அடிபடாமல் இருக்க மெத்தென்ற ஹெட்கியர் அணிந்துதான் ஆடுவார் தர்ஸ்டன். மேட்ச் முடிந்ததும் வியர்வையோடு அதைக் கழற்றி, கேலரி ஓரத்தில் நிற்கும் ஒரு குழந்தையிடம் கொடுத்துவிடுவார். இது அவருடைய வழக்கம். ஜெயித்தாலும் தோற்றாலும் ஏதோ ஒரு வீட்டில் அன்றைய ராத்திரி ஒரு குழந்தை தூங்கியிருக்காது!

இன்னொருவர், நியூசிலாந்தின் சோனி பில் வில்லியம்ஸ். ரக்பி லீக்கில் இரண்டு முறை பட்டம் வென்ற அணிகளில் ஆடிவிட்டு, 15 பேர் ஆடும் ரக்பி யூனியனுக்கும் போய் அங்கேயும் உலகக்கோப்பை வென்றவர். 2015 அக்டோபர் 31, லண்டன் ட்விக்கன்ஹாம் மைதானம். ஆஸ்திரேலியாவை 34-17 என்று வீழ்த்திவிட்டு நியூசிலாந்து அணி மைதானத்தைச் சுற்றி வருகிறது. 14 வயதுப் பையன் ஒருவன் சந்தோஷத்தில் உள்ளே ஓடி வர, பாதுகாவலர் பாய்ந்து அவனைக் கீழே தள்ளிவிட்டார். வில்லியம்ஸ் ஓடிப்போய் அவனைத் தூக்கி நிறுத்தினார். தோளில் கை போட்டு, குடும்பத்தினரிடம் கூட்டிக்கொண்டு போனார். போனவர், தன் கழுத்தில் இருந்த தங்கப் பதக்கத்தைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டுவிட்டார்!

மறுநாள் நடந்த விருது விழாவில் வில்லியம்ஸுக்கு வேறொரு பதக்கம் கொடுத்தது உலக ரக்பி அமைப்பு. ஆனால், கழற்றிக் கொடுத்த நிமிடத்தில் இன்னொன்று கிடைக்கும் என்று அவருக்குத் தெரியாது.

வேலி எதற்கு?

இதையெல்லாம் படித்துவிட்டு, 'அப்போ நாமும் வேலி தாண்டிக் குதித்தால் தலைவர் கட்டிப்பிடிப்பார்' என்று யாராவது நினைத்தால், ஒரு நிமிடம். அகமதாபாத்தில் தோனி தோளில் கை போட்ட அதே இளைஞர் மீது போலீஸ் வழக்குப் பதிந்தது. மன்னிப்பது தோனியின் குணம். உள்ளே விடாமல் இருப்பது காவலரின் வேலை.

அந்த வேலைக்கு ஒரு ரத்தம் தோய்ந்த காரணமும் இருக்கிறது. 1993 ஏப்ரல் 30 அன்று ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்த மோனிகா செலஸை, கேலரியிலிருந்து வந்த ஒருவன் முதுகில் கத்தியால் குத்தினான். அவன் போட்டி வீராங்கனை ஸ்டெஃபி கிராஃபின் தீவிர ரசிகன். 19 வயதில் உலகின் நம்பர் ஒன் ஆக இருந்த செலஸ், இரண்டு வருடங்களுக்கு மேல் டென்னிஸ் ஆடவே இல்லை. ஓடி வருகிறவர் காலில் விழ வருகிறாரா, கத்தியோடு வருகிறாரா என்று செக்யூரிட்டிக்கு எப்படித் தெரியும்? பாய்ந்து பிடிக்கிறவரை வில்லனாகப் பார்ப்பதும் நியாயம் இல்லை.

அன்பு கூட்டமாக மாறும்போது இன்னும் ஆபத்து. 2025 ஜூன் 3-ம் தேதி ஆர்.சி.பி முதல் முறையாக ஐ.பி.எல் கோப்பை வென்றது. மறுநாள் வெற்றிக் கொண்டாட்டம் பார்க்க பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே திரண்ட கூட்டத்தில் நெரிசல். 11 பேர் இறந்துபோனார்கள். கையசைக்கும் ஒரு நொடியைப் பார்க்கப் போனவர்கள் அவர்கள். அங்கே எந்த வீரரின் சிரிப்பும் உதவியிருக்காது. எத்தனை பேர் வருவார்கள், எந்த கேட் திறக்கும், எப்போது திறக்கும் என்று முன்கூட்டியே யோசிப்பதுதான் அங்கே ரசிகருக்குக் காட்ட வேண்டிய அன்பு. தனி மனிதருக்குக் கனிவு போதும். கூட்டத்துக்கு ஏற்பாடு வேண்டும்.

கோரிமேட்டில் யார் ஸ்டார்?

சரி, மைதானத்தை விட்டு வெளியே வருவோம். நட்சத்திரம் என்றால் யார்? நாம் யாருக்காகக் காத்திருக்கிறோமோ அவர். அப்படிப் பார்த்தால், புதுச்சேரி கோரிமேட்டில் தினமும் நட்சத்திரங்கள் இருக்கிறார்கள். அங்கே இருப்பது ஜிப்மர் மருத்துவமனை.

விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று அக்கம்பக்கத்து மாவட்டங்களிலிருந்து ஜனங்கள் அங்கே வருகிறார்கள். கையில் பழைய ரிப்போர்ட் அடங்கிய பிளாஸ்டிக் கவர், தோளில் சாப்பாட்டுப் பை. அவர்கள் காத்திருப்பது ஒரு டாக்டருக்காக, ஒரு நர்ஸுக்காக, கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்காக. எந்தப் பெரிய மருத்துவமனையிலும் இதுதான் நிலைமை. அங்கே உட்கார்ந்திருக்கிறவருக்கு, எதிரே நிற்பவர் அன்றைய நாளின் நூற்றில் ஒருவர். எதிரே நிற்பவருக்கோ, அவர் ஒருவர்தான்.

'பெரியவரே, இந்த கவுன்டர் இல்ல, வலது பக்கம் மூணாவது. பதறாதீங்க, நேரம் இருக்கு.' இதைச் சொல்ல எத்தனை விநாடி ஆகும்? ஊருக்குத் திரும்பிப் போகும் பஸ்ஸில் அந்தப் பெரியவர் பக்கத்து சீட்காரரிடம் முதலில் சொல்லப்போவது அந்த வார்த்தையைத்தான்.

பள்ளியில் டீச்சர், பேங்கில் கிளார்க், பஸ்ஸில் கண்டக்டர் என ஒவ்வொருவருக்காகவும் யாரோ ஒருவர் காத்திருக்கிறார். வீட்டிலும்தான். அப்பா எப்போது போனைக் கீழே வைப்பார் என்று வரைந்த படத்தோடு பக்கத்திலேயே நிற்கிற குழந்தைக்கு, அப்பாதான் தோனி!

இவர்கள் யாரும் பதக்கத்தைக் கழற்றிக் கொடுக்க வேண்டியதில்லை. தலையை நிமிர்த்தி முகத்தைப் பார்ப்பது, சொல்ல வந்ததை முடிக்க விடுவது, யோசனை நன்றாக இருந்தால் 'இது அவர் சொன்னது' என்று நாலு பேர் முன்னால் சொல்வது. சச்சின் செய்ததும் இந்த மூன்றைத்தான். அதற்கு 100 செஞ்சுரி தேவையில்லை.

அடுத்த முறை உங்களுக்காக யாராவது காத்திருந்தால், அன்றைக்கு உங்கள் டீம் தோற்றிருந்தாலும் சரி, ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.