அடித்தளத்தில் மக்கும் கொள்ளுத்தாத்தாக்கள்

என் பக்கத்து வீட்டு அம்மாள் சிறுமியாக இருந்தபோது, அவருடைய பாட்டி ‘கேட்’ என்ற ஒருத்தியைப் பற்றி அடிக்கடி பேசுவாராம். கேட்டுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. மழை தூறினால் ஓரடி நகரமாட்டாள். அவள் செத்த வருஷம் குடும்பம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. யாரோ தூரத்து அத்தை என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

எழுபது வயதைத் தாண்டிய பிறகு, வட கரோலினாவின் ஒரு சின்ன ஊரில், பத்திரப் பதிவு அலுவலகத்தின் இரும்புக் கதவு போட்ட அறையில், என் கண்ணெதிரேதான் அவருக்கு விஷயம் தெரியவந்தது. அது 1894-ம் வருஷத்து அடமானப் புத்தகம். விதையும் உரமும் கடனாக வாங்குவதற்குப் பாட்டியின் அப்பா எழுதிக்கொடுத்த ஈடு அதில் இருந்தது. அந்த வருஷம் விளையப்போகும் பருத்தி முழுவதும், ஒரு பசு, ஒரு வண்டி, அப்புறம் ‘கேட் என்ற பெயருடைய, எட்டு வயதுள்ள, கறுப்பு நிறக் கோவேறு கழுதை ஒன்று.’

அம்மாள் சிரித்த சிரிப்பில் கவுண்டரில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். “ஹனி, இந்தக் கழுதையின் ஆத்மா சாந்தியடைய நான் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் ஜெபம் பண்ணியிருக்கிறேன்” என்றார் என்னிடம். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பிறகு, கொள்ளுத்தாத்தா கையெழுத்துக்குப் பதிலாகப் போட்டிருந்த பெருக்கல் குறியின் மேல் விரலை வைத்தார். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

அம்மாளுடையதைப் போன்ற கறுப்பினக் குடும்பம் ஒன்று தன் வம்சாவளியைத் தேடிக் கிளம்பினால், இப்படிப்பட்ட பெருக்கல் குறிகள்தான் அதற்குப் படிக்கட்டு. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அடிமைகளாக இருந்தவர்கள் பெயரோடு முதன்முதலில் பதிவானது 1870-ல்தான். 1850-லும் 1860-லும் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை போட்டார்கள். அதில் உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம், அவ்வளவுதான். கேட்டுக்குக்கூட 1894-ல் பெயர் எழுதினார்கள். 1870-க்குப் பிறகாவது சுலபமா என்றால் அதுவும் இல்லை. 1890 கணக்கெடுப்பின் தாள்கள் 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் கருகியும் நனைந்தும் போயின. மிஞ்சியவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றையும் பின்னாளில் அரசே அழித்துவிட்டது. ஆக, 1880-லிருந்து 1900 வரை இருபது வருஷம் இருட்டு. வட கரோலினாவில் மாநிலம் தழுவிய பிறப்பு, இறப்புப் பதிவு தொடங்கியதே 1913-ல்தான்.

இந்த இருட்டில் கைவிளக்கு, கவுண்டி ஆவணங்கள் மட்டுமே. கவுண்டி என்பது நம் மாவட்டத்துக்கும் தாலுகாவுக்கும் நடுவில் ஒரு அளவு. வட கரோலினாவில் 100 கவுண்டிகள். ஒவ்வொன்றின் தலைநகரிலும் ஒரு கோர்ட் ஹவுஸ். நிலம் வைத்திருந்தவனுக்குக் கிரயப் பத்திரம் இருக்கும், வசதியானவனுக்கு உயில் இருக்கும். அடிமைகளின் பெயர்களே அந்த உயில்களிலும் சொத்துப் பட்டியல்களிலும்தான், மாடு, கட்டில், கலப்பையோடு சேர்த்து, விலை போட்டு எழுதப்பட்டிருக்கின்றன. விடுதலைக்குப் பின் 1866-ல் ஒரு சட்டம் வந்தது. அடிமைக் காலத்தில் சேர்ந்து வாழ்ந்த தம்பதிகள் அதிகாரி முன்னால் வந்து, எத்தனை வருஷமாகச் சேர்ந்து வாழ்கிறோம் என்று சொல்லிப் பதிந்துகொள்ள வேண்டும். கட்டணம் 25 சென்ட். அதுவரை சட்டத்தின் கண்ணில் திருமணமே ஆகாதவர்கள், வரிசையில் நின்று முப்பது வருஷத் தாம்பத்தியத்தைப் பதிந்த பேரேடுகள் அவை. பல கவுண்டிகளில் அந்தப் பேரேடு இன்று இல்லை.

எங்களுக்கும் அதுதான் நடந்தது. பத்திரப் பதிவு அறையில் கேட்டைக் கண்டுபிடித்த பிறகு, கொள்ளுத்தாத்தா பெயரில் கடன் வழக்கு ஏதாவது உண்டா என்று பார்க்க நீதிமன்றப் பகுதிக்குப் போனோம். நாங்கள் கேட்ட வருஷங்களின் புத்தகங்கள் இல்லை. “பழைய கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்திருக்கும். தண்ணீர் புகுந்தது. தூக்கிப் போட்டிருப்பார்கள்” என்றார் அலுவலர். யார் போட்டார்கள், எப்போது, எந்தெந்தப் புத்தகங்கள்? பட்டியல் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. அன்று அந்தக் கவுண்டரில் அவர் ஒரே ஆள், என் பின்னால் ஐந்து பேர்.

இது எங்கள் கதை மட்டும் என்றால் எழுதியிருக்கமாட்டேன். மாநிலத் தலைநகர் ராலேவுக்கு வடகிழக்கே, லூயிஸ்பர்க் என்ற ஊரைத் தலைநகராகக் கொண்ட ஃபிராங்க்ளின் கவுண்டி இருக்கிறது. 2013-ல் அங்கே கோர்ட் ஹவுஸ் அடித்தளத்தில், 1840-களைத் தொடும் காகிதங்கள் கும்பலாகக் கிடப்பது தெரியவந்தது. அசையும் பொருள்களை ஈடுவைத்த அடமானப் பத்திரங்களும் அவற்றில் உண்டு. அதாவது நூற்றுக்கணக்கான கேட்டுகள் அதில் இருந்திருக்கலாம். உள்ளூர் மரபுச் சங்கத்தினர் அவற்றைப் பிரித்துப் பட்டியலிட இறங்கினார்கள். வேலை முடியவில்லை. அந்த வருஷம் டிசம்பரில் எல்லாம் எரிக்கப்பட்டன. பூஞ்சை பிடித்து உடல்நலத்துக்குக் கேடானவை, வைத்திருக்க வேண்டிய கெடு எப்போதோ முடிந்தவை என்பது அதிகாரிகள் தரப்பு விளக்கம். பூஞ்சை ஆபத்து பொய்யல்ல. ஆனால் பூஞ்சைக்குச் சிகிச்சை உண்டு. குளிர்வித்து, உலர்த்தி, துடைத்துப் படமெடுப்பது ஆவணக் காப்பாளர்கள் அன்றாடம் செய்கிற வேலைதான். சாம்பலுக்குச் சிகிச்சை கிடையாது.

‘கெடு முடிந்தது’ என்ற சொல்லைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. தீர்ந்துபோன அடமானத்துக்கு நீதிமன்றத்தைப் பொறுத்தவரை மதிப்பில்லை, சரி. குத்தகைக்கு உழுது செத்த மனிதன் விட்டுப்போன ஒரே காகிதம் அதுதான் என்கிறபோது, அதன் கெடுவை யார் நிர்ணயிப்பது?

சிக்கலின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த மாநிலத்தில் கோர்ட் ஹவுஸ் கட்டடத்தைப் பராமரிக்க வேண்டியது கவுண்டி. உள்ளே இருக்கும் நீதிமன்றக் குமாஸ்தாவும் அவருடைய காகிதங்களும் மாநில நீதித்துறையைச் சேர்ந்தவை. எதை எத்தனை வருஷம் வைத்திருப்பது என்ற அட்டவணையில் மாநில ஆவணக் காப்பகத்துக்குப் பங்கு. கூரை ஒழுகினால் கவுண்டியைக் கேள், காகிதம் நனைந்தால் குமாஸ்தாவைக் கேள், எரிக்கலாமா என்றால் ராலேவைக் கேள். மூன்று வீட்டுக்கு விருந்தாளி பட்டினி கிடந்த கதைதான்.

“பொழுதுபோக்குக்குத் தாத்தாவைத் தேடுகிறவர்களுக்காக வரிப்பணமா?” என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பொழுதுபோக்கா? அம்மாளின் குடும்பத்துக்கு 22 ஏக்கர் இருக்கிறது. கொள்ளுத்தாத்தா கடனை அடைத்துக் கடைசியில் வாங்கிய நிலம். உயில் எழுதாமல் போய்விட்டார். இன்று அது பேரன் பேத்தி, அவர்கள் பிள்ளைகள் என்று நாற்பத்துச் சொச்சம் பேருக்குப் பிரிக்காத பங்காகக் கிடக்கிறது. தென் மாநிலங்களில் கறுப்பினக் குடும்பங்கள் நிலத்தை இழந்த பெரிய வழிகளில் இதுவும் ஒன்று. எங்கோ இருக்கும் ஒரு பங்காளியிடம் வெளியாள் சல்லிசாகப் பங்கை வாங்கி, நீதிமன்றத்துக்குப் போய், மொத்த நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். 2018 விவசாயச் சட்டம், பட்டயம் தெளிவில்லாத இப்படிப்பட்ட நிலத்தில் உழுகிறவர்களும் அரசு உதவிக்குப் பதிவுசெய்ய வழி திறந்தது. ஆனாலும் பட்டயத்தை நேராக்க, யார் யாருக்கு வாரிசு என்று தலைமுறை தலைமுறையாகக் காட்டியாக வேண்டும். அதற்கான காகிதம் அந்த ஈர அடித்தளத்தில் இருந்தது.

இந்த மாநிலத்தில் சொத்து வரி கட்டுகிறவன் என்ற முறையில் நான் கேட்பது பெரிய காரியமில்லை. பழைய ஆவணம் எதையும் அழிப்பதற்கு முன், என்ன அழிக்கிறோம் என்ற பட்டியலை உள்ளூர்ப் பத்திரிகையிலும் கோர்ட் ஹவுஸ் வாசலிலும் போட்டு, 90 நாள் பொறுக்கட்டும். நூலகமோ கல்லூரியோ மரபுச் சங்கமோ ஏற்க முன்வந்தால் கொடுத்துவிடட்டும்.

பணம் இல்லை என்ற பதில் உடனே வரும். பத்திரப் பதிவுக் கட்டணத்தில் பத்து சதவீதத்தைக் கணினிமயத்துக்கும் பாதுகாப்புக்கும் ஒதுக்க வட கரோலினா சட்டமே சொல்கிறது. அந்த ஏற்பாடு பதிவு அலுவலகத்தோடு நின்றுவிடுகிறது, அடித்தளத்துக்கு இறங்குவதில்லை. டெக்சாஸில் கவுண்டிகள் பத்திரம் ஒன்றுக்கு 10 டாலர் வரை பழைய ஆவணங்களுக்கென்றே தனியாக வசூலிக்கலாம். மனம் இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு இந்த மாநிலத்திலேயே சாட்சி உண்டு. ஆஷ்வில் நகரம் இருக்கும் பன்கம் கவுண்டியின் பதிவு அலுவலகம், மனிதர்களை விற்ற பத்திரங்களைத் தன் புத்தகங்களிலிருந்து தேடி எடுத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிட்டது.

இன்னொன்று. மோர்மன் திருச்சபையின் வம்சாவளி அமைப்பான ஃபேமிலிசர்ச், உலகெங்கும் படமெடுத்து யூட்டா மலைக்குள் பாதுகாத்த நுண்படச் சுருள்கள் 24 லட்சம். அது பெரிய தொண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றில் சில படங்களை அவர்கள் மையத்துக்கு நேரில் போனால்தான் பார்க்க முடியும். இனி ஆவணங்களைப் படமெடுக்க யாரோடு ஒப்பந்தம் போட்டாலும், கட்டணமில்லாத முழுப் பிரதி ஒன்று கவுண்டி நூலகத்துக்கு என்ற ஒரு வரியைச் சேர்க்கக் கவுண்டி ஆணையர்களுக்கு என்ன தடை?

ஆணையர்கள் மாதம் ஒரு முறையாவது பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். ஆளுக்கு மூன்று நிமிஷம். அடுத்த கூட்டத்துக்கு அம்மாள் பெயர் கொடுத்துவிட்டார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர், கடிகாரத்தை வைத்து என் வீட்டுச் சமையலறையில் ஒத்திகை பார்த்தார். நான்கரை நிமிஷம் வந்தது. எதை வெட்டலாம் என்று கேட்டார். கழுதைக் கதையை விட்டுவிடலாமே என்றேன். ஒரு டாலர் கொடுத்து வாங்கிய அந்தப் பக்கத்தின் நகலை உறையிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார்.

“மற்றதையெல்லாம் வெட்டு” என்றார்.