போட்டோஷாப் இருக்கிறதே என்று வெயிலில் நிறுத்தாதீர்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "போட்டோவைச் சரி செய்ய எந்த சாப்ட்வேர் நல்லது?" என்பது. சாப்ட்வேர் எழுதுவதுதான் என் தொழில். ஆனாலும் என் பதில், "முதலில் ஆளை நிழலுக்கு அழைத்து வாருங்கள்" என்பதுதான்.

சாதாரண ஜேபெக் படத்தைத் திறந்தால் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்களாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். உச்சி வெயிலில் நெற்றியும் மூக்கும் மூன்றிலும் 255-ஐத் தொட்டுவிட்டால், அங்கே தோலின் நிறமோ சுருக்கமோ பதிவாகவே இல்லை என்று பொருள். கிம்ப், போட்டோஷாப் எதில் திறந்தாலும் அந்த வெள்ளையைச் சாம்பல் நிறமாக்கலாம். பதிவாகாததை மீட்க முடியாது. இன்றைய ஏஐ கருவிகள் அந்த இடத்தை நிரப்பித் தரும். ஆனால் அது ஊகித்து வரைந்தது. உங்கள் பாட்டியின் முகம் அல்ல.

"சூரியன் போட்டோ எடுப்பவரின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும்" என்பார்கள். வேகம் குறைந்த பிலிமுக்கு நிறைய வெளிச்சம் தேவைப்பட்ட காலத்து யோசனை அது. இன்று அப்படி எடுத்தால் கண்ணைச் சுருக்கிய முகம்தான் கிடைக்கும்.

என்ன செய்யலாம்? திண்ணை ஓரமோ கட்டட நிழலோ போதும். முகம் திறந்த வானத்தைப் பார்க்கட்டும். இலைகளின் இடையே வெயில் புள்ளி புள்ளியாக விழும் மரத்தடி வேண்டாம். நிழலே இல்லையா? சூரியனை அவர் முதுகுக்குப் பின்னால் வைத்து, போன் திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைச் சரி செய்யுங்கள். பின்னால் வானம் வெளுத்தால் வெளுக்கட்டும்.

இன்னொன்று, முகத்துக்கு மிக அருகே போனை நீட்டினால் மூக்கு பெரிதாகத் தெரியும். இரண்டடி பின்னால் வந்து எடுங்கள். தலைக்குப் பின்னால் மின்கம்பம் முளைத்திருந்தால் நீங்கள் நகருங்கள். "பிறகு கிராப் செய்துகொள்ளலாம்" என்று அகலத்திலும் உயரத்திலும் பாதியை வெட்டினால், 12 மெகாபிக்சல் படத்தில் 3 மெகாபிக்சல்தான் மிஞ்சும்.

நம் வீடுகளில் பெரியவர்களின் படம் பிற்பாடு பெரிதாக்கப்பட்டுச் சுவரில் மாட்டப்படுகிறது. அப்போது மறுபடி எடுக்க வழியில்லை. சாப்ட்வேரைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். நிழல் இன்றே இருக்கிறது, இலவசமாக!