தெருமுனைக் கடையும் மின்னஞ்சலும்

பழைய படமொன்றை மீண்டும் எடுக்கிறார்கள் என்றாலே முகம் சுளிக்கிறோம். வழிநூலைத் தொல்காப்பியமே ஏற்றுக்கொண்ட மொழியில் இந்தச் சுளிப்புக்கு நியாயமில்லை. முன்னோர் நூலின் முடிவோடு உடன்பட்டு, பின்னோன் தான் வேண்டும் வேறுபாடுகளையும் சேர்த்துச் சொல்வது வழிநூல் என்கிறது நன்னூல். நோரா எஃப்ரானின் 'யூ ஹவ் காட் மெயில்' (1998) படத்தையும் இந்த அளவுகோலால் பார்க்கவே விரும்புகிறோம். இத்தனையும் மாற்றிய பிறகு பழைய முடிவு பொருந்துகிறதா?

முதல்நூல், எர்ன்ஸ்ட் லூபிட்ச் 1940-இல் இயக்கிய 'தி ஷாப் அரௌண்ட் தி கார்னர்'. (அதுவும் மிக்லோஷ் லாஸ்லோவின் ஹங்கேரிய நாடகத்திலிருந்து வந்ததே.) புடாபெஸ்டில் ஒரு தோல்பொருள் கடை. அங்கே வேலைபார்க்கும் ஆல்ஃபிரெடும் கிளாராவும் பகலெல்லாம் ஒருவரையொருவர் சொல்லால் குத்திக்கொள்கிறார்கள்; முகமறியாத ஒருவருக்கு எழுதும் கடிதங்களில் இருவருமே உருகுகிறார்கள். அந்த ஒருவர் யாரென்பது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

இதைக் காதல் நகைச்சுவை என்பது பாதி உண்மைதான். படம் நெடுகிலும் ஓடுவது வேலை போய்விடுமோ என்ற அச்சம். திருமணம் செய்துகொண்டால் செலவு எவ்வளவாகும் என்று ஆல்ஃபிரெட் மூத்த ஊழியர் பிரோவிச்சிடம் கணக்குக் கேட்கிறான். முதலாளி மாட்டுஷெக் மனந்திறந்த கருத்து வேண்டுமென்று வாயெடுத்தாலே பிரோவிச் ஓடி ஒளிகிறார். ஒவ்வொரு முறையும் சிரிக்கிறோம். அது பிள்ளைகுட்டிக்காரனின் ஓட்டம் என்பதும் உறைக்கிறது. தன் மனைவியோடு தொடர்பு என்ற வீண் சந்தேகத்தில் மாட்டுஷெக் ஆல்ஃபிரெடை நீக்கிவிடுகிறார். வேலையிழந்த அதே நாள் இரவில்தான், உணவகத்துக்குள் 'அன்னா கரேனினா'வோடு காத்திருப்பவள் கிளாரா என்பது அவனுக்குத் தெரிகிறது. பின்னர் அவன் மேலாளராகவே திரும்பிவருகிறான், உண்மையே. ஆயினும் அவளுடைய பிழைப்பைப் பறித்து அந்த இடத்தை அடையவில்லை.

எஃப்ரானின் நாயகி கேத்லீன், தாய் விட்டுச்சென்ற சிறுவர் புத்தகக் கடையை நியூயார்க்கில் நடத்துகிறாள். கடைக்குப் பெயரே பழைய படத்தின் பெயர்தான். மின்னஞ்சலில் அவள் நேசிக்கும் ஜோ ஃபாக்ஸ், அருகிலேயே பெருங்கடை திறந்து அவளுடைய கடை மூடக் காரணமாகிறவன். டாம் ஹாங்க்ஸின் முகத்தில் இதையெல்லாம் மன்னிக்கவைக்கும் ஒரு வசதி உண்டு. உண்மை தெரிந்த பிறகும் அவன் சொல்வதில்லை. கடை போன துயரத்தில் இருப்பவளுக்கு நண்பனாகி, மெல்ல மனத்தைக் கரைக்கிறான். ஆல்ஃபிரெடும் மறைத்தான்தான். அவன் மறைத்தது தன் பெயரை. ஜோ மறைப்பதோ வென்றவனும் ஆறுதல் சொல்பவனும் ஒருவனே என்பதை.

எஃப்ரான் இதை அறியாதவர் அல்லர். கடையை மூடிய பின் கேத்லீன் அந்தப் பெருங்கடைக்குள் போய் உட்காரும் காட்சியே சான்று. வாடிக்கையாளர் ஒருவர் ஒரு சிறுவர் நூல் வரிசையைக் கேட்கிறார். கடைப் பணியாளருக்குத் தெரியவில்லை. நோயல் ஸ்ட்ரீட்ஃபீல்டின் 'பாலே ஷூஸ்' முதலான நூல்கள் என்று கண்ணீரோடு எடுத்துச்சொல்பவள் கேத்லீன். படத்தின் மிகச் சிறந்த இடம் இதுவே என்போம். காதல் இல்லாத இடம்! இத்தனை துல்லியமாக இழப்பைக் காட்டிய கை, இறுதியில் பூங்காவில் முத்தத்தோடு கணக்கை நேர்செய்வதுதான் ஒட்டவில்லை. வேறுபாடு முடிவைத் தின்றுவிட்டது. முடிவு மட்டும் முதல்நூலுடையதாகவே நின்றுவிட்டது.

காலம் இன்னொரு வேடிக்கையும் செய்தது. ஃபாக்ஸ் போன்ற பெருங்கடைகளுள் ஒன்றான பார்டர்ஸ் 2011-இல் மூடப்பட்டது. அவற்றின் வாடிக்கையாளரை இழுத்துக்கொண்டது, அவ்விருவரும் காதல் வளர்த்த அதே இணையம்.

மாட்டுஷெக்குக்கு இணையான பாத்திரம் புதிய படத்தில் இல்லை. மனைவியை இழந்து, தற்கொலைக்கு முயன்று பிழைத்த அந்த முதலாளி, கிறிஸ்துமஸ் இரவின் பனியில் கடைவாசலில் நின்று ஊழியர் ஒவ்வொருவரிடமும் எங்கே உண்ணப் போகிறாய் என்று நயமாக விசாரிக்கிறார். எல்லாருக்கும் வீடு இருக்கிறது. கடைசியில் வரும் புதிய எடுபிடிப் பையனுக்குத்தான் யாருமில்லை. அவனுக்கு வாங்கித் தரப்போகும் உணவுவகைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே அவர் அவனை அழைத்துப்போகிறார்.