பழைய மோட்டார் சைக்கிளில் பொதி கட்டும் முறை

சித்திரைத் திருவிழாவுக்கு வீரபாண்டி கௌமாரியம்மன் சந்நிதியை நாடிச் செல்லும் குடும்பங்கள் நம் சங்கத்தில் பல உண்டு. பூப்பாறையிலிருந்தும் வண்டன்மேட்டிலிருந்தும் மலை இறங்குவோர் ஒரு சாரார். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு ஆகிய ஊர்களிலிருந்து பொள்ளாச்சி வழியாகப் பழனிக்கும் அதற்கு அப்பாலும் போவோர் மற்றொரு சாரார். இவர்களுள் சிலர் தந்தையார் காலத்துப் புல்லட்டையோ யெஸ்டியையோ இன்றும் ஓட்டி வருகின்றனர். அத்தகைய வண்டிகளுக்குச் செலவு அதிகமின்றிப் பை மாட்டவும் கேரியர் அமைக்கவும் வழி கூறுமாறு வாசக அன்பர்கள் கேட்டிருக்கின்றனர். கடைகளில் தொங்கும் தோல்பைகளும் எஃகுப் பெட்டிகளும் தோட்டத் தொழிலாளியின் கைக்கு எட்டாத விலையில் இருக்கின்றன என்பது அவர்களுடைய குறை. அக்குறை நியாயமானதே. பை மலிவாக இருப்பதால் ஒருவருக்கும் தீங்கு நேர்வதில்லை. அது வண்டியின் எந்தப் பகுதியில், எதனோடு பிணைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே நன்மையும் தீமையும் விளைகின்றன.

மலைமீது பாரம் ஏற்றும் வித்தை நம்மவருக்குப் புதிதன்று. சாலைகள் ஏற்படுவதற்கு முன்பு கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலைத்தடங்களில் சாமான்களை ஏற்றியவை பொதிமாடுகளே. பொதி கட்டுபவர் இரண்டு பக்கமும் எடையைச் சமமாக்கி, விலாவோடு ஒட்டித் தாழத் தொங்கவிடுவார். பிட்டத்தின்மேல் ஒரு படி நெல்லையும் வைக்க மாட்டார். மூணாற்றில் 1902-ஆம் ஆண்டில் ஒற்றைத் தண்டவாளப் பாதையொன்று போடப்பட்டு, 1908-இல் சிறு ரயில் பாதையாக மாற்றப்பட்டது. டாப் ஸ்டேஷன் வரையில் அதில் சென்ற தேயிலை, அங்கிருந்து கம்பிவடத்தின் வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, பின்னர்ப் போடிநாயக்கனூரை அடைந்தது. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த ரயிலைக் கொண்டுபோயிற்று. இன்றைக்கு இடுக்கி மாவட்டத்தில் ரயில் பாதையே கிடையாது. ஆகவே பழைய பொதிமாட்டு வேலையின் ஒரு பங்கு மோட்டார் சைக்கிளின் தலையில் விழுந்திருப்பதில் வியப்பில்லை. பொதி கட்டியவரின் கணக்கும் அப்படியே இதற்குப் பொருந்தும்.

வண்டிகளைப் பற்றிச் சிறிது கூறுவோம். இந்திய ராணுவம் 1952-இல் 350 சி.சி. புல்லட் 800 வாங்க ஆணையிட்டது. அதன் பயனாக 1955-இல் சென்னையில் என்பீல்டு இந்தியா நிறுவனம் தோன்றி, திருவொற்றியூரில் அவ்வண்டியைச் செய்யலாயிற்று. மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை ஜாவாவையும், பின்னர் யெஸ்டியையும் செய்து, 1996-இல் மூடப்பட்டது. அப்பெயர்களோடு அண்மையில் வந்துள்ள புதிய வண்டிகளுக்கு இங்கே கூறுவது பொருந்தாது. அவற்றின் சட்டமும் அமைப்பும் வேறு.

இனி எடைக்கணக்கு. புல்லட்டின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஏறக்குறைய 137 சென்டிமீட்டர் தூரம் உண்டு. சீட்டுக்குப் பின்னால் நீட்டிக் கட்டிய கேரியரில், பின் அச்சைத் தாண்டி 40 சென்டிமீட்டர் தள்ளி 20 கிலோ மூட்டையை வைத்ததாகக் கொள்வோம். நெம்புகோல் கணக்குப்படி முன் சக்கரத்தின்மீதுள்ள எடையில் சுமார் 6 கிலோ குறைந்துபோகிறது. பின் சக்கரமோ 20-க்குப் பதிலாக 26 கிலோ தாங்குகிறது. இது சமதரையில் உள்ள நிலை. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்பொழுது மூட்டை இன்னும் பின்னுக்குச் சாய்கிறது. முன் சக்கரம் மேலும் இலேசாகிறது. வளைவில் கைப்பிடி சொன்னபடி கேட்காமல் ஊசலாடுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ப் போர்க்கைக் குறை கூறுவதில் பயனில்லை. அதே 20 கிலோவை இரண்டாகப் பிரித்து, பக்கத்துக்குப் பத்துக் கிலோவாக, பின் அச்சுக்குச் சற்று முன்னால் தாழ மாட்டினால், முன் சக்கரம் தன் எடையை இழப்பதில்லை. பாரத்தில் சிறு பங்கு அதற்கும் போய்ச் சேர்கிறது.

அடுத்தது, எதனோடு பிணைப்பது என்பது. பெரும்பாலோர் பின் மட்கார்டில் துளையிட்டுக் கேரியரை முடுக்கிவிடுகின்றனர். மட்கார்டு என்பது சேற்றைத் தடுக்க வந்த தகடு. பாரம் தாங்க வந்ததன்று. சில மாதங்களில் துளையைச் சுற்றி விரிசல் காணும். ஒரு நாள் தகடு கிழிந்து டயரின்மேல் அமரும். வண்டியின் சட்டத்திலே ஏற்கெனவே இருக்கின்ற போல்ட்டுகளில்தான் கேரியரின் கால்கள் ஊன்ற வேண்டும். பின்புற ஷாக் அப்சர்பரின் மேல் போல்ட் இரண்டு, மட்கார்டுத் தாங்குகம்பிகள் சட்டத்தோடு சேரும் இடம் இரண்டு, ஆக நான்கு இடங்கள் போதும். ஷாக் அப்சர்பரின் கீழ் முனையில் மட்டும் எதையும் மாட்டுதல் ஆகாது. அது சக்கரத்தோடு ஏறி இறங்குவது. மேல் முனையோ அசையாதது. இரண்டையும் ஒரே கம்பியால் இணைத்தால் முதற் பள்ளத்திலேயே கம்பி ஒடியும், அல்லது ஸ்பிரிங் வேலை செய்யாமற் போகும்.

இதற்குப் பட்டறையில் விலையுயர்ந்த குழாய் கேட்க வேண்டியதில்லை. 25 மில்லிமீட்டர் அகலமும் 5 மில்லிமீட்டர் கனமும் உள்ள பட்டை இரும்பு, மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ நிறை உடையது. பக்கவாட்டுச் சட்டம் இரண்டுக்கும் குறுக்குப் பட்டைக்கும் சேர்த்து நான்கு மீட்டர் போதுமாயின், நான்கு கிலோ இரும்போடு வேலை முடிகிறது. 10 மில்லிமீட்டர் உருண்டைக் கம்பியாயின் மீட்டருக்கு 620 கிராமே வரும், வளைப்பதும் எளிது. பழைய இரும்புக் கடையில் எடைக்கு எடை வாங்கலாம். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய கேரியர்களே கிடைக்கின்றன. வாங்குமுன் வெல்டிங் செய்த மூட்டுகளில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பெயிண்டைச் சுரண்டிப் பார்த்துக்கொள்வது நலம். இரும்பை முதலில் வெட்ட வேண்டாம். தடித்த அட்டையிலோ மெல்லிய கம்பியிலோ அளவு மாதிரி செய்து, வண்டியில் வைத்துப் பார்த்து, சங்கிலியும் பின் விளக்கும் நம்பர் தகடும் மறையவில்லை என்று கண்ட பிறகே பட்டறைக்குப் போதல் வேண்டும். வெல்டிங் கேரியரோடு நிற்கட்டும். வண்டியின் சட்டத்தில் தீப்பொறி படலாகாது.

திருகாணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய புல்லட்டில் அங்குலக் கணக்குத் திருகுகள் பல உண்டு. ஒரு அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு என்னும் போல்ட்டின் குறுக்களவு 7.94 மில்லிமீட்டர். இக்காலத்து 8 மில்லிமீட்டர் போல்ட் பார்வைக்கு அதுபோலவே இருக்கும். ஆனால் புரிகள் வேறு. ஸ்பானரால் அழுத்தித் திருகினால் நுழைந்துவிடும். புரி அழிந்திருப்பது மலையில் தெரியவரும். பழைய போல்ட்டைக் கடைக்கு எடுத்துப் போய் அதற்கு இணையானதையே கேட்டு வாங்குக. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு எந்த நட்டையும் தளர்த்தவல்லது. ஸ்பிரிங் வாஷர் போடுவதோடு நில்லாமல் நட்டின்மேல் மற்றொரு நட்டு வைத்து இறுக்குதல் நன்று.

பைகளுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலப் படையின் மோட்டார் சைக்கிள்கள் இரும்புச் சட்டத்தில் கான்வாஸ் பைகளைத்தான் சுமந்தன. ராணுவத்துக்குப் போதுமானது நமக்கும் போதும். சீட் தைக்கும் கடையில் தடித்த கான்வாஸையோ தார்ப்பாயையோ கொடுத்து இரட்டைத் தையலாகத் தைத்து வாங்கலாம். பையின் அடியிலும் உட்பக்கத்திலும் ஒட்டுப்பலகைத் துண்டு வைத்தால் பை தொய்ந்து சக்கரத்தின் பக்கம் சாயாது. பை சட்டத்தின்மேல் உட்கார வேண்டும்; சீட்டின் குறுக்கே போட்ட வாரில் மட்டும் தொங்கும் பை ஆடும்; ஆடும் பை ஆரக்கம்பியில் அகப்பட்டால் பின் சக்கரம் அந்த நொடியே நின்றுவிடும். கட்டுவதற்கு டியூப் வார் சிறந்ததுதான். ஆயினும் வாரின் நுனி நான்கு விரற்கடையேனும் தொங்காதபடி செருகிவிடுதல் வேண்டும். அவிழ்ந்த வாரும் சங்கிலிக்கு இரையாகும். சைலன்சருக்கும் பைக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விடுதல் நல்லது. அது முடியாவிடில் நடுவே தகடு ஒன்று, சைலன்சரைத் தொடாமல் நிற்க வேண்டும். யெஸ்டிக்கு இருபுறமும் சைலன்சர் இருப்பதால் இந்தக் கவனம் இருபுறமும் தேவை. தார்ப்பாய் புகைவதற்கு முன்பே உள்ளிருக்கும் புதுச்சேலை கருகிப்போகும்.

பின்னால் அமர்ந்து வரும் பெண்மக்களைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை முடிப்பது முறையாகாது. பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், கால் வைக்க மிதியும் இருக்க வேண்டுமென்பது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் கட்டளை. பைக்கு இடம் வேண்டி இடப்புறத்துச் சேலைக் காப்பைக் கழற்றி வீட்டில் வைத்துவிடும் வழக்கம் நம்மவரிடையே இருக்கிறது. இதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். சேலைத் தலைப்பு சக்கரத்தில் சுற்றினால் இழுத்து நிறுத்த ஓட்டுபவருக்கு அவகாசம் இராது. ஒருபுறமாக அமர்ந்து வரும் பெண்ணும் இருபுறப் பைகளும் ஒரே வண்டியில் பொருந்தா என்பதே நம் அபிப்பிராயம். அவர் வருவதானால் இடப்பக்கப் பையைக் கழற்றிவிட்டு, வலப்பக்கத்தில் மட்டும் ஒடுக்கமான பை ஒன்று வைத்து, எஞ்சிய சாமானை பஸ்ஸில் அனுப்பலாம். காலை இருபுறமும் இட்டு அமர்வாராயின் அவருடைய பாதம் மிதியில் முழுதும் ஊன்ற இடமிருக்கிறதா என்று, வண்டி நிற்கும்பொழுதே அவரை அமர்த்திப் பார்த்துக்கொள்க. மிகச் சிறு குழந்தையை மூட்டைக்கும் தாய்க்கும் இடையே செருகிக்கொண்டு செல்வதைப் பற்றி நாம் எழுதவும் கூசுகிறோம். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தலைக்கவசமும் உடலைப் பிணைக்கும் பட்டையும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டருக்கு மேற்படலாகாது என்னும் விதி 2023 முதல் நடப்பில் இருக்கிறது.

மலையில் ஒரு விதமான ஆபத்து, பாலக்காட்டுச் சமவெளியில் மற்றொரு விதம். ஆனி, ஆடி மாதங்களில் கணவாய் வழியே வீசும் மேல்காற்று கஞ்சிக்கோட்டிலும் வாளையாற்றிலும் எவ்வளவு பலமானது என்பதை அப்பக்கத்தில் வாழ்வோர் அறிவர். உப்பிய பை பாய்மரத்துக்கு ஒப்பாகும். பக்கக்காற்று வண்டியையே தள்ளும். ஆதலால் பைகள் கைப்பிடியின் அகலத்துக்குள் அடங்க வேண்டும்; பாதி காலியாக இருந்தால் வாரால் சுருக்கிக் கட்ட வேண்டும். மலை இறங்கும்போது பாரமுள்ள புல்லட்டை இரண்டாம் கியரில் வைத்து எஞ்சினையே பிரேக்காகப் பயன்படுத்துக; பழைய டிரம் பிரேக் இடைவிடாது அழுத்தினால் சூடேறிப் பிடிமானம் குன்றும். யெஸ்டியின் நிலை வேறு. அதன் எஞ்சினுக்கு எண்ணெய் பெட்ரோலுடன் கலந்தே வருகிறது. ஆக்ஸிலேட்டரை முழுதும் மூடி நெடுந்தூரம் இறங்கினால் எண்ணெயும் குறைகிறது. இடையிடையே சிறிது திறந்துகொடுக்க வேண்டும். எஞ்சின் பிடித்து நிறுத்துவதும் குறைவு. ஆகவே யெஸ்டியில் புல்லட்டின் பாரத்தை ஏற்றாதிருப்பதே மேல். பின் டயரில் சில பவுண்டு காற்று கூட்டிக்கொள்வது இரண்டுக்கும் பொது.

சட்டத்தின் பக்கமும் பார்த்துவிடுவோம். 1988-ஆம் ஆண்டுச் சட்டம் வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 15 ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்கும்பொழுது அதிகாரிகள் சோதிப்பர். கழற்றக்கூடிய கேரியரானால் தொல்லை குறைவு. பெட்டி வைப்போருக்கு 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் அளவு கூறுகிறது: நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மில்லிமீட்டர். பெட்டி பின்னிருக்கையின் இடத்தைப் பிடித்தால் ஓட்டுபவர் மட்டுமே செல்லலாம். 50 ஆண்டு கடந்த வண்டியைத் தொன்மை வண்டியாக வி.ஏ. வரிசையில் பதியலாம் என்று 2021-இல் விதி வந்தது. அதைக் கேட்டுச் சிலர் மகிழ்ந்தனர். அவ்வாறு பதிந்த வண்டி கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் உரியது; நித்திய உபயோகத்துக்கு ஆகாது. மறையூர்ப் பக்கம் போவோர், சந்தனக்காட்டுச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்ட வேண்டியிருக்கும் என்பதை மனத்திற்கொண்டு, முடிச்சுக்குப் பதில் கொக்கி வைத்த மூடி தைத்துக்கொள்க.

நெடுந்தூரம் போவோர் வண்டியை ரயிலில் அனுப்பிவிடலாம். போடிநாயக்கனூர்ப் பாதை அகலமாக்கப்பட்டு 2023 ஜூன் முதல் மீண்டும் ரயில் வருகிறது. எந்த ரயிலில், எந்த நிலையத்தில் பார்சல் ஏற்பார்கள் என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். பெட்ரோல் டாங்கியை ஒரு சொட்டும் இல்லாமல் வடித்து, பதிவுச் சான்றின் நகலோடு வர வேண்டும். பார்சல் மேஜைக்கு இப்புறம் அமர்ந்து நாம் கண்டுவருவது ஒன்றுண்டு. சாக்குச் சுற்றி வந்த வண்டியை ஏற்றுபவர்கள் பிடித்துத் தூக்குவது பெரும்பாலும் கேரியரைத்தான். நூற்றைம்பது கிலோவுக்கு மேற்பட்ட வண்டியின் பாதி எடை அப்போது நான்கு போல்ட்டுகளில் தொங்குகிறது. பைகளையும் கேரியரையும் கழற்றித் தனியே கட்டிக் கொண்டுவருவது உத்தமம். கழற்றிய போல்ட், நட்டு, வாஷர்களை ஒரு துணியில் முடிந்து சட்டைப்பையில் வைத்துக்கொள்க. மூட்டைக்குள் போட்டால் இறங்கும் நிலையத்தில் தேட நேரும்.